எலி ஒழிப்பு வருட ஒப்பந்தம்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

உணவுப்பொருள் கிடங்கு ஒன்றில் எலி ஒழிக்க ஒரு நிறுவனம் வருட ஒப்பந்தம் போட்டது. முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. அவர்கள் கொடுத்த அறிக்கையில் இருந்தது ஒரே வரி: "எலித் தொல்லை. மருந்து வைக்கப்பட்டது." எந்த எலி, எந்த வழியாக வருகிறது, எங்கே கூடு வைத்திருக்கிறது என்று ஒன்றும் இல்லை. ஏமாற்று அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தக் கிடங்கில் புழுக்கைகள் கிடந்தது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் உயரமான அடுக்குகளின் மேல்தட்டிலும்தான். சுமார் 12 மி.மீ. நீளம், இரு முனையும் கூர். அது கூரை எலி. வந்தவர்களோ எல்லாவற்றையும் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்: சாக்கடை மூடியருகே விஷக்கட்டி, கதவோரம் பசை அட்டை. மேலேயே வாழ்ந்து மேலேயே தின்னும் எலி அந்தப் பக்கம் இறங்கவே இல்லை.

எலியை நேரில் பார்க்க வேண்டும் என்றில்லை, புழுக்கையே பெரும்பாலும் சொல்லிவிடும். சாக்கடை எலியின் புழுக்கை 18 முதல் 20 மி.மீ. வரை, கேப்ஸ்யூல் மாத்திரை போல முனை மழுங்கியிருக்கும். சுண்டெலியுடையது 3 முதல் 6 மி.மீ., அரிசியைவிடச் சின்னது. புதியது கருத்து, ஈரமாகப் பளபளக்கும். பழையது சாம்பல் நிறமாகி, குச்சியால் அழுத்தினால் பொடியும். எலி கண்ணில் பட்டால் வாலைப் பாருங்கள். உடலும் தலையும் சேர்ந்த நீளத்தைவிட வால் நீளமாக, மூக்கு கூராக, காது பெரிதாக இருந்தால் கூரை எலி. வால் குட்டையாக, மூக்கு மொண்ணையாக, உடல் தடித்திருந்தால் சாக்கடை எலி. சாக்கடை எலி மண்ணில் வளை தோண்டும், உடைந்த கழிவுநீர்க் குழாய் வழியாக உள்ளே ஏறும். கூரை எலி மரக்கிளை, மின்கம்பி, குழாய் பிடித்து வரும். இது தெரியாமல் மருந்து வைப்பது நோயைக் கேட்காமல் ஊசி போடுகிற வேலை. மூஞ்சூறை எலி என்று காட்டிக் காசு வாங்குபவர்களும் உண்டு. அது பூச்சி தின்கிற வேறு இனம். நீண்டு துருத்திய மூக்கும் கடும் வாடையும் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

புகார் போனதும் அதே ஆட்கள் மறுபடி வந்து, சீலிங் பலகையைத் தூக்கி விஷக் குருணையை மேலே வாரி இறைத்தார்கள். இதுதான் செய்யவே கூடாத வேலை. புரோமாடியோலோன் போன்ற ரத்தம் உறையவிடாத மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை, தின்றபின் சில நாட்கள் ஆகும். கைக்கு எட்டாத மூலையில் போய் எலி சாகும். அங்கும் அதுவே நடந்தது: சீலிங் முழுக்க நாற்றம், பின்னாலேயே ஈ. பிணத்தை எடுக்கத் தனிக் கட்டணம் கேட்டார்கள், ஒப்பந்தத்தில் அது சேராதாம். கொட்டிவிட்ட குருணையை எலி வேறிடத்துக்குத் தூக்கிப் போகும், உணவுப்பொருளிலும் விழும். விஷம் வைப்பதென்றால் பூட்டுள்ள இரைப்பெட்டியில், சுவரோரம் நகராதபடி பொருத்தி, பெட்டிக்கு எண் போட்டு, எவ்வளவு தின்றிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

மருந்தின் பெயரும் அடர்த்தியும் எழுத்தில் வாங்காமல் ஒரு கிராம்கூட வைக்கவிடாதீர்கள். குழந்தையோ நாயோ தின்றுவிட்டால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ரத்தம் உறையவிடாத வகைக்கு வைட்டமின் கே1 முறிமருந்தாக இருக்கிறது. ஜிங்க் பாஸ்பைடுக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கும் அப்படி ஒன்று இல்லை. லேபிள் இல்லாத பொட்டலத்தை எடுத்து வருபவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து ஓட்டை அடைப்பு. அதற்கும் தனி பில். அடைத்ததோ பீய்ச்சினால் பொங்கும் ஃபோம். எலிக்கு அது பஞ்சு மிட்டாய், கடித்துக் குடைந்து வழி போட்டுக்கொள்ளும். 12 மி.மீ. இடைவெளி எலிக்குப் போதும், சுண்டெலிக்கு 6 மி.மீ. போதும். ஓட்டைக்குள் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமெண்ட் கலவை பூச வேண்டும். காற்றுத் துவாரத்துக்கு 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலை. கதவின் அடியில் தகடு. கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை பெட்டி வைத்தாலும் வரத்து நிற்காது. கூரையைத் தொடும் கிளையைக் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். கிடங்கென்றால் சரக்கைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி, சுவரிலிருந்து 45 செ.மீ. விட்டு அடுக்க வேண்டும். இல்லையென்றால் சுவரோரம் யாரும் எட்டிப் பார்க்கவே முடியாது.

கடைசியாக, நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று சொல்லி மீயொலிக் கருவி ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். அந்த ஒலி சுவரையோ சாமானையோ தாண்டாது, எலியும் சீக்கிரம் பழகிவிடும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே இத்தகைய கருவிகளைத் தயாரிப்பவர்களையும் விற்பவர்களையும் ஆதாரமில்லாத விளம்பரம் செய்ய வேண்டாம் என்று எச்சரித்தது. விற்பனை மட்டும் நிற்கவில்லை.

கூரை எலிக்குச் சரியான வேலை எப்படி இருக்கும்? அதன் தடத்தில், அதாவது உத்தரத்தில், குழாயின் மேல், எண்ணெய்ப்பிசுக்குக் கறை படிந்த இடத்தில், விசைப்பொறியைக் கம்பியால் கட்ட வேண்டும். முதலில் விசை ஏற்றாமல் சில நாட்கள் இரை மட்டும் வைக்க வேண்டும். எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும், பயமின்றித் தின்னத் தொடங்கிய பிறகுதான் விசை. அவசரப்பட்டு முதல் நாளே ஏற்றினால், தப்பிய எலி அந்தப் பொறியை மறுபடி நெருங்காது. அது ஏற்கெனவே தின்று பழகிய பொருளே நல்ல இரை. சுண்டெலி நேர்மாறு, புதிது என்றால் வந்து மோந்து பார்க்கும். அதற்குப் பொறிகளை நெருக்கமாக வைத்தால் போதும். பசை அட்டை தூசி படிந்தாலே வீண், சிக்கிய பிராணி மணிக்கணக்கில் துடிக்கும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

புழுக்கையை உலர்வாகப் பெருக்கச் சொல்லும் ஆளையும் நம்பாதீர்கள், தூசியோடு கிருமி மூச்சில் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுக்க வேண்டும்.

இனி ஒப்பந்தத் தாள். அந்தக் கிடங்குக்காரரிடம் 'உத்தரவாதம்' கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டடக் குறைபாடுகளால் வரும் எலிகளுக்குப் பொறுப்பல்ல" என்று இருந்தது. எலி கட்டடத்தின் ஓட்டை வழியாக வராமல் வேறெப்படி வரும்? ஆய்வு அறிக்கையில் எலியின் வகை, ஓட்டைகள் குறித்த வரைபடம், அடைக்கும் பொருள், பொறிகளின் எண்ணிக்கை, செத்த எலியை யார் அகற்றுவது, அடுத்த வருகைத் தேதிகள் இத்தனையும் எழுதி வாங்குங்கள். தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். அடைப்பு வேலை முடிந்தபின் சுவரோரமும் உத்தரத்திலும் மாவை மெல்லியதாகத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் அவர்கள் முன்னாலேயே விளக்கடித்துப் பாருங்கள். கால்தடமோ வால் இழுத்த கோடோ இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.