ஒரே சனிக்கிழமை, மூன்று மேடை

பங்குனி மூன்றாவது சனிக்கிழமைக்கு மூன்று பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோவில் பொங்கல், திண்டுக்கல் பக்கம் ஒரு கலை இரவு, சென்னையில் எண்பது பேர் உட்காரும் சின்ன அரங்கு. நான் இருப்பது மதுரையில். சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போட்டு, சினிமா பக்கம் போகாமல் ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கிறவன். பதினோரு வருஷமாக இந்தக் கணக்கைப் போடுகிறேன், ஒரு வருஷ விடை மறுவருஷம் செல்லுபடியாவதில்லை.

காசு எங்கே அதிகம் என்பது இரண்டு நிமிஷக் கணக்கு. அதோடு இன்னொன்றும் பார்ப்பேன்: அந்த மேடையில் என் சொந்தப் பாட்டு எத்தனை பாடலாம்?

முதலில் கோவில். அறுபதாயிரம் பேசியிருக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு ஐயாயிரம் அட்வான்ஸ், மீதி கச்சேரி முடிந்ததும் கையில். மைக்செட் கமிட்டி பொறுப்பு. என்னோடு கீபோர்டு, ரிதம் பேடு, உறுமி, தவில், பறை இரண்டு, கூடப் பாட இரண்டு பேர் என்று எட்டு பேர் வருவார்கள். ஆளுக்குச் சராசரி 4,500 என்றால் 36,000. டீசலோடு வேன் 8,000. தேதி பிடித்துக் கொடுத்தவருக்கு 6,000. என் கையில் நிற்பது பத்தாயிரம். மாசி தொடங்கி ஆடி வரைக்கும் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தேதி அமைந்தால்தான் ஐப்பசி மழையில் வீட்டில் அடுப்பெரியும்.

பாட்டுக் கணக்குக்கு வந்தால் கதை வேறு. மூன்றாவது பாட்டிலேயே துண்டுச்சீட்டு வர ஆரம்பித்துவிடும். நூறு ரூபாய் நோட்டை மடித்து, சிகரெட் அட்டையில் பேரெழுதி, குண்டூசியில் குத்தி மேடைக்கு அனுப்புவார்கள். சட்டையில் குத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பாட்டைப் பாதியில் நிறுத்தி, "மேலத்தெரு இன்னார் மகன் இன்னார், நூறு ரூபாய் அன்பளிப்பு" என்று வாசித்தாக வேண்டும். வாசிக்காவிட்டால் சண்டை. பங்காளிக்கு முன்னால் தன் பேரை வாசிக்கவில்லை என்று ஒருவர் மைக் ஒயரையே பிடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். சீட்டில் கேட்கிற பாட்டு பத்துக்கு எட்டு சினிமாப் பாட்டு. மிச்சம் இரண்டு "எங்க ஆளுக பாட்டு", அதாவது சாதிப் பெருமை. அதை நான் பாடுவதில்லை. "பிராக்டிஸ் இல்லண்ணே" என்று சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். அதற்காகவே மறுவருஷம் கூப்பிடாத ஊர்கள் மூன்று.

நேரமும் குறைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம், ஆனால் நம் தேதி அதற்குள் வருமா என்று கமிட்டிக்கே தெரியாது. பூஜை முடிந்து எட்டரைக்கு மேடையேறினால், சாமி பாட்டு, சீட்டுப் பாட்டு, அன்பளிப்பு வாசிப்பு எல்லாம் போக என் பாட்டுக்கு மிஞ்சுவது பத்து நிமிஷம். ஆக, சொந்தப் பாட்டு இரண்டு. அதுவும் நல்ல ஊராக இருந்தால்.

கலை இரவில் இது தலைகீழ். தமுஎகச, அதாவது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், 1975-இல் மதுரையில் தொடங்கிய அமைப்பு. அவர்களுடைய கலை இரவுகள் விடிய விடிய நடந்த காலத்தில், மண் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். கரிசல்குயில் கிருஷ்ணசாமியையும் திருவுடையானையும் அங்கேதான் கேட்டேன். திருவுடையான் தபேலாவைத் தானே வாசித்துக்கொண்டு பாடுவார், அந்தக் குரலுக்கு மைக்கே வேண்டாம். 2016-இல் சாலை விபத்தில் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் வேன் டிரைவரை நள்ளிரவில் ஓட்டவிடுவதில்லை. ஏதாவது பெட்ரோல் பங்கில் நிறுத்தி, விடிகிற வரை தூங்கிவிட்டுத்தான் கிளம்புவோம்.

இங்கே கேட்டு வாங்குவதே சொந்தப் பாட்டைத்தான். "புதுசா என்ன எழுதியிருக்கீங்க தோழர்?" என்ற கேள்வியை வேறு எந்த மேடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாடி முடித்து இறங்கினால் நோட்டோடு வந்து வரியைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஐந்து பேருக்குச் சேர்த்துத் தருவது பத்தாயிரம். கார் 4,000, கூட வரும் நாலு பேருக்கு ஆளுக்கு 1,200 என்று 4,800, எனக்கு 1,200. அப்புறம் ஒரு சால்வையும் இரண்டு புத்தகமும். வீட்டில் சால்வை முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

குறையும் உண்டு. பேச்சாளர்கள் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். பத்து மணி விதி அங்கேயும் இருப்பதால் ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டு, "ரெண்டே ரெண்டு பாட்டு தோழர்" என்று கையைப் பிடிப்பார்கள். இன்னொன்று, பாட்டில் கோபம் இருந்தால்தான் கை தட்டுவார்கள். என்னிடம் ஒரு காதல் பாட்டு இருக்கிறது, கண்மாய்க் கரையில் தொலைந்த செருப்பைப் பற்றி. ஒருமுறை பாடினேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

சென்னை அரங்கு என் மாதிரி ஆட்களுக்குத் திறந்தது ரொம்ப நாளைக்கு முன்னால் ஒன்றுமில்லை. 2007-இல் சென்னை சங்கமம் விழா கிராமியக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கிய பிறகு, சபாக்காரர்களின் மாதத்திலேயே பறைக்கும் கானாவுக்கும் மேடை போட்டார்கள். அந்தச் சூட்டில்தான் சின்னச் சின்ன அரங்குகளும் எங்களைத் தேட ஆரம்பித்தன.

அங்கே தொண்ணூறு நிமிஷமும் என் பாட்டுத்தான். சீட்டு இல்லை, அன்பளிப்பு இல்லை, இருமல் சத்தம்கூட இல்லை. முதல் தடவை அந்த அமைதியில் எனக்குக் குரலே நடுங்கியது. டிக்கெட் 300 ரூபாய். போன முறை எண்பதும் விற்று 24,000 வந்தது. பாதி அரங்குக்கு. மூன்று பேர் ரயில், தங்கல், சாப்பாடு 7,000. மீதி ஐயாயிரத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

அன்றைக்கு நடந்த கூத்து ஒன்று. ஏசியில் பறையின் தோல் தளர்ந்து 'தொப்பு தொப்பு' என்றது. ஊரில் என்றால் வைக்கோலை அள்ளிக் கொளுத்திக் காய்ச்சிக்கொள்வோம். பறைக்காரர் கார் நிறுத்துமிடத்தில் பழைய செய்தித்தாளைக் கொளுத்த, செக்யூரிட்டி தண்ணீர் வாளியோடு ஓடிவந்துவிட்டார். இப்போது சென்னைக்கு மட்டும் ஃபைபர் பறை எடுத்துப் போகிறோம். சத்தம் ஒழுங்காக வரும். தோலின் கார்வை வராது. கூடவே, "துண்டு கட்டிட்டு வந்தா நல்லா இருக்கும் சார்" என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள். எங்கள் ஊர் மேடையில் நான் போடுவது இஸ்திரி போட்ட பேண்ட் சட்டை.

இணையத்தையும் ஒரு மேடையாகச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்கலாம், ஆனால் அது வருமானம் இல்லை, சுவரொட்டி. யூடியூபில் விளம்பரக் காசு வர ஆயிரம் சந்தாதாரர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்பட்டால்தான் கணக்கிலேயே சேரும். உலகமே கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் வந்தது. அதிலிருந்து தங்களுக்குப் பணம் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நான் எந்த மூலைக்கு? என் பாட்டை ஒரு திருவிழாவில் செல்போனில் பிடித்து யாரோ தங்கள் சேனலில் ஏற்றினார்கள். பிறகு நான் ஏற்றியபோது எனக்கே காப்புரிமைப் புகார் வந்தது. ஆனாலும், கோவில் கமிட்டிப் பையன்கள் என் நம்பரைக் கண்டுபிடிப்பதே அந்த வீடியோக்களுக்குக் கீழேதான்.

சரி, இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். சென்னையை ஆடிக்குப் பிறகு தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு எந்தச் சனியும் ஒன்றுதான். திண்டுக்கல் தோழர்களிடம் இல்லை என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. ஆனால் உறுமிக்காரர் மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், அவருக்கு 1,200-க்கும் 4,500-க்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

கோவில் கமிட்டித் தலைவரிடம் மட்டும் போனில் ஒரு நிபந்தனை வைத்தேன். எட்டு மணிக்கே மேடை ஏற வேண்டும். முதல் மூன்று பாட்டு என்னுடையது, அதுவரை சீட்டு வாங்கக் கூடாது. அதில் ஒன்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்களைப் பற்றிய பாட்டு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பாட்டுல ஆத்தா பேரு வருமா தம்பி?"

"வரும்ணே. நாலாவது வரில வரும்."

போனை வைத்ததிலிருந்து நோட்டைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். மாரியம்மன் ஆறெழுத்து. நாலாவது வரியில் ஏற்கெனவே கந்தகம், மருந்து, பசை மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பசையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும், ஆனால் எதுகை போய்விடும்.