டிவிடியைப் பெரிய திரையில் பார்க்க எந்த பிளேயர்?

எச்டி தொலைக்காட்சி வந்த நாளிலிருந்து என்னிடமுள்ள டிவிடிகள் எல்லாம் மங்கலாகத் தெரிந்ததால், பழைய பிளேயரைக் காம்போனன்ட் கேபிளில் (ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புவது) இணைத்தும், எச்டிஎம்ஐ உள்ள மலிவான டிவிடி பிளேயரை வாங்கியும், கடைசியாக ப்ளூ-ரே பிளேயரில் அதே வட்டுகளைப் போட்டும் பார்த்தேன். இப்போது என்னிடம் நிலைத்திருப்பது ப்ளூ-ரே பிளேயர்தான்.

பழைய மஞ்சள் கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். காம்போனன்டில் அது நின்றுவிடுகிறது.

மலிவான பிளேயரின் அட்டைப்பெட்டியில் '1080 வரை அப்ஸ்கேலிங்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். வட்டில் இருப்பதோ 720-க்கு 480 அல்லது 576 புள்ளிகள். அவற்றை 1920-க்கு 1080 ஆக விரிக்கும் வேலையைத் தொலைக்காட்சியே எப்படியும் செய்துவிடும், இல்லாத நுணுக்கத்தை எந்தக் கருவியாலும் வரவழைக்கவும் முடியாது.

உண்மையான வேறுபாடு டிஇன்டர்லேசிங்கில், அதாவது பாதி பாதியாக வரும் படத்தை முழுப் படமாகச் சேர்ப்பதில் இருக்கிறது. டிவிடி ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாகத் தருகிறது. அதிலும் 480 வரி வட்டுகளில், நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்ட திரைப்படத்தை ஏறக்குறைய 60 பாதிகளாக்க, ஒரு படத்துக்கு மூன்று பாதி, அடுத்ததற்கு இரண்டு பாதி என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதால், எந்தப் பாதி எதனுடன் சேர வேண்டும் என்பதைப் பிளேயர் சரியாகக் கண்டுபிடித்தாக வேண்டும். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளைக் கேமரா பக்கவாட்டில் கடக்கும் ஒரு காட்சியை மூன்றிலும் ஓட்டினேன். மலிவான பிளேயரில் கம்பிகளின் விளிம்பு சீப்புப் பல்போலப் பிளந்தது; ப்ளூ-ரே பிளேயரில் கம்பி கம்பியாகவே நகர்ந்தது. பழைய பிளேயர் பாதிகளை அப்படியே அனுப்பியதால் சேர்க்கும் வேலை தொலைக்காட்சிக்குப் போனது. அது ஓரளவு நன்றாகவே செய்தது. நான் சோதித்தது ஒரே ஒரு தொலைக்காட்சியில் என்பதால், இதைவிட நல்ல செயலி உள்ள தொலைக்காட்சியில் இந்த வரிசை மாறவும் கூடும்.

எதை வாங்கினாலும் பிளேயரின் மெனுவில் திரை வடிவத்தை 16:9 என்று வைக்க வேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்க்கும் 4:3 லெட்டர்பாக்ஸில் விட்டால் அகலத்திரை வட்டின் வரிகளில் கால் பங்கு வீணாகிவிடும். தொலைக்காட்சியின் ஷார்ப்னஸையும் நன்றாகக் குறைத்தபிறகுதான் முகங்களைச் சுற்றியிருந்த வெள்ளைக்கோடு மறைந்தது.

பழைய பிளேயரை இன்னும் கழற்றவில்லை. ப்ளூ-ரே பிளேயர் திணறி வெளியே தள்ளிவிடும் கீறல் விழுந்த இரண்டு மூன்று வட்டுகளை அது மட்டுந்தான் கடைசிவரை ஓட்டுகிறது.