நில அட்டையும் நானும்: மேஜிக் த கேதரிங் ஆடிய ஒன்பது ஆண்டுகள்

2016-இல் ஆடத் தொடங்கியபோது, இருவர் தத்தம் அட்டைக் கட்டோடு மோதும் மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தின் மீது எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான் இருந்தது, அது நில அட்டை. கையில் எவ்வளவு நல்ல அட்டைகள் இருந்தாலும் அவற்றை இறக்க மானா என்ற மந்திர ஆற்றலை விலையாகக் கொடுக்க வேண்டும். மானாவைத் தருவது பெரும்பாலும் நிலம். அந்த நிலத்தையோ ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் இறக்கலாம். நிலம் வராவிட்டால் எதிராளி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நிலம் மட்டுமே வந்துகொண்டிருந்தாலும் அதே கதிதான். கணிதவியலாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993-இல் வெளிவந்த ஆட்டத்தில் இப்படியொரு ஓட்டை எப்படி இருக்கலாம் என்று முதல் ஓராண்டு முழுவதும் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று அந்த நிலம்தான் ஆட்டத்தின் உயிர்நாடி என்று நம்புகிறேன்.

நான் ஆடும் வகையில், முன்கூட்டியே கட்டிக் கொண்டுவரும் டெக்கில், அதாவது அட்டைக் கட்டில், குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும்; அடிப்படை நிலங்களைத் தவிர எந்த அட்டையும் நான்குக்கு மேல் கூடாது. அதில் 24 நிலங்கள் வைத்திருப்பவருக்கு, தொடக்கத்தில் எடுக்கும் ஏழு அட்டைகளில் நிலமே வராமலோ ஒன்று மட்டும் வந்தோ தடுமாறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம். ஐந்தோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு 8 சதவீதம். அதாவது ஐந்து ஆட்டங்களில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே கை சரியில்லாமல் தொடங்கும். இதைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் காட்டுவதை நிறுத்தினேன். வரும் என்று முன்பே தெரிந்த இடருக்கு டெக் கட்டும்போதே வழி செய்திருக்க வேண்டும் அல்லவா? மூன்றாவது நிற மானாவைச் சேர்க்கலாமா, ஆறு மானா கேட்கும் பெரிய உயிரின அட்டைக்கு இரண்டு இடம் ஒதுக்கலாமா என்ற கேள்விகளெல்லாம் அடிப்படையில் நிலத்தைப் பற்றிய கேள்விகளே. எல்லா அட்டைகளையும் மானா விலையின்றி இறக்க முடிந்திருந்தால் எல்லோரும் வலிமை மிக்க அட்டைகளையே அடுக்கியிருப்பார்கள். ஒரே ஒரு சிவப்பு மானாவுக்கு மூன்று சேதம் தரும் லைட்னிங் போல்ட் போன்ற அட்டைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதும், இந்த விலை என்ற ஒன்று இருப்பதால்தான்.

கை சரியில்லாதபோது அதைத் திருப்பிக் கலைத்துப் போட்டு எடுக்கும் முல்லிகன் விதி 2019-இல் மாறியது. முன்பெல்லாம் இரண்டாம் முறை ஆறு அட்டைகள்தான் கிடைக்கும். கட்டின் மேலட்டையை ஒரு முறை பார்த்து, வேண்டாமென்றால் அடியில் தள்ளலாம். இப்போது ஏழு அட்டைகளையும் எடுத்து, வேண்டாத ஒன்றை அடியில் வைக்கிறோம். என் ஆட்டத்தில் இதைவிடப் பெரிய முன்னேற்றத்தைத் தந்த விதி மாற்றம் வேறு இல்லை. 'ஒரு நிலம் வந்தால் போதும், சமாளித்துவிடலாம்' என்று மோசமான கையோடு தொடங்கும் பழக்கம் என்னிடம் பல ஆண்டுகள் இருந்தது. ஆட்டங்களை நோட்டில் குறித்து வைத்துப் பார்த்தபோது, என் தோல்விகளில் பல முதல் அட்டையை இறக்கும் முன்பே, அந்தக் கையை வைத்துக்கொண்ட நொடியிலேயே தொடங்கியிருந்தது புரிந்தது.

உத்தியில் நான் மிகத் தாமதமாகக் கற்றது, இந்த ஆட்டத்தில் தாக்குபவர் யார், தாக்குப்பிடிப்பவர் யார் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுக்கொள்வது. என்னுடைய சிவப்பு டெக் வேகமானது. ஆகவே எப்போதும் தாக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். என்னைவிட வேகமான டெக்கைச் சந்தித்தபோதும் அதையே செய்து, தடுக்க வேண்டிய உயிரினங்களைத் தாக்க அனுப்பி, 20 உயிர்ப்புள்ளிகளையும் சில சுற்றுகளில் இழந்தேன். இப்போது மூன்று ஆட்டப் போட்டியில் முதல் ஆட்டம் முடிந்ததும், மாற்றிக்கொள்வதற்காகத் தனியே வைத்திருக்கும் 15 அட்டைகள் கொண்ட சைட்போர்டிலிருந்து மானா விலை கூடிய, நின்று ஆடும் அட்டைகளை உள்ளே கொண்டுவருகிறேன். டெக்கின் குணமே மாறுவதால் சில வேளைகளில் ஒரு நிலத்தையும் கூட்டுகிறேன்.

வடிவமைப்பு எங்கே சறுக்கியது என்பதையும் இதே அளவுகோலால்தான் பார்க்கிறேன். 2019-இல் வந்த ஓகோ என்ற அட்டை மூன்று மானாவுக்கு இறங்கி, எதிராளியின் எந்த உயிரினத்தையும் சிறப்புத் திறனற்ற ஒரு மான் உயிரினமாக மாற்றிவிடும். எதிராளி அந்த உயிரினத்துக்குச் செலவிட்ட மானா அனைத்தும் வீண். அண்மைய வெளியீடுகளின் அட்டைகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்டு வடிவத்தில் இரண்டு மாதங்களுக்குள் அது தடை செய்யப்பட்டது. என் பார்வையில் அதைவிட ஆழமான பிழை 2020-இல் இகோரியா என்ற அட்டைத் தொகுப்புடன் வந்த கம்பேனியன் முறை. டெக் கட்டுவதில் ஒரு நிபந்தனையைக் கடைப்பிடித்தால், கட்டுக்கு வெளியே ஓர் அட்டை ஒவ்வொரு ஆட்டத்திலும் தயாராக நிற்கும். கலைத்துப் போட்டு எடுப்பதால் வரும் வேறுபாடு அங்கே சுருங்கியது. எந்த ஆட்டம் என்று நினைவில் பிரித்தறிய முடியாத அளவுக்கு எல்லாம் ஒன்றுபோல் ஆகின. சில வாரங்களிலேயே, அந்த அட்டையைக் கைக்குக் கொண்டுவர மூன்று மானா செலவிட வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். இலவசமாக வந்த ஒன்றுக்கு விலை வைத்ததுதான் அந்தத் திருத்தத்தின் சாரம்.

மேஜிக்கை இணையவழி ஆட உதவும் அரீனா செயலியில் ஆடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ஒற்றை ஆட்டமாக முடியும் போட்டிகளில், டெக்கின் நில விகிதத்துக்கு நெருக்கமான தொடக்கக் கையைத் தர முயலும் ஏற்பாடு இருக்கிறது. அதை அறியாமல் நிலங்களைக் குறைத்துக்கொண்டே போய், வெற்றி கண்டு மகிழ்ந்து, அதே டெக்கை மூன்று ஆட்டப் போட்டிக்குக் கொண்டுபோனேன். அங்கே அந்த உதவி இல்லை என்பது இரண்டு நிலங்களோடு நின்றுபோனபோதுதான் தெரிந்தது. காகித அட்டைகளில் செலவு இன்னும் கூடுதல். அதிலும் இரு நிறம் தரும் அரிய நிலங்களுக்கே என் பணத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. 2023-இல் ஸ்டாண்டர்டில் அட்டைகள் செல்லும் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது இந்த வகையில் பெரிய ஆறுதல்.

புதிதாக வருபவர் விலை கொடுத்து ஆயத்த டெக் வாங்கும் முன், பிரிக்காத பொதிகளிலிருந்து ஒவ்வொரு அட்டையாகத் தேர்ந்தெடுத்து அங்கேயே டெக் கட்டி ஆடும் டிராஃப்டில் சில முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பேன். அங்கே 40 அட்டைகள்தான், வழக்கமாக 17 நிலங்கள். பதினேழாவது நிலத்தை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல அட்டையைச் சேர்க்கலாமா என்ற சபலம் ஒவ்வொரு முறையும் வரும்; எனக்கு இன்றும் வருகிறது. போன வாரம் சேர்த்தேன். இரண்டாம் ஆட்டத்துக்கு முன் மீண்டும் நிலத்தையே உள்ளே வைத்தேன்.