தபாலில் வந்த பைன் தண்டுகள்: பன்னிரண்டில் ஏழு

என் 45 பவுண்டு மரவில்லுக்காக, 'ஒத்த செட்' என்று விற்கப்பட்ட பன்னிரண்டு பைன் அம்புத் தண்டுகளை வாங்கினேன். தடிமன் 11/32 அங்குலம், ஸ்பைன் எனப்படும் விறைப்பு 45–50, விலை 2,400 ரூபாய். தடித்த பிவிசி குழாயில் அடைத்து அனுப்பியிருந்ததால் தண்டையார்பேட்டை வரை ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தன. இழைப்பும் அருமை.

ஒரு தண்டில் மட்டும் மர ரேகை நுனிவரை ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. எய்யும்போது அந்த இடத்தில் பிளந்தால் சிலாம்பு வில் பிடித்த கையில் ஏறிவிடும். அதை உடனே முறித்துப் போட்டேன்.

மீதியை அண்ணனின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், அவற்றின்மேல் தண்டு, நடுவில் இரண்டு பவுண்டு எடை. அதற்காக 907 கிராம் மணலைப் பையில் கட்டித் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தொய்கிறது என்று வெர்னியரில் அளந்தோம். 26-ஐ அந்த அங்குல அளவால் வகுத்தால் விறைப்பு கிடைக்கும், 0.52 தொய்ந்தால் 50. இரண்டு தண்டுகள் 0.65 தொய்ந்தன. அப்படியென்றால் வெறும் 40! மரவில்லில் அம்பு பிடியைச் சுற்றி வளைந்துதான் போகிறது. விறைப்பு குறைந்த அம்பு வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் ஒதுங்கும். பழைய அம்புகள் அப்படி ஒதுங்கியபோதெல்லாம் நாணை விடும் விரல்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் வீணாகப் போனது.

தண்டைக் கால் சுற்று திருப்பினால் தொய்வும் மாறுகிறது. முனையில் தெரியும் ஆண்டு வளையக் கோடுகளுக்கு நாண் குறுக்காக அமையும்படி வெட்டுப் போட வேண்டும். அப்போதுதான் விறைப்பான பக்கம் வில்லில் படும்.

எஞ்சிய ஒன்பதைப் பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். ஏழு தண்டுகள் 0.6 கிராம் வித்தியாசத்துக்குள், அதாவது பத்து கிரெயினுக்குள் அடங்கின. அது நல்ல பொருத்தம். மற்ற இரண்டும் மூன்று கிராம் கூடுதல். அவை இலக்கில் தாழ்ந்தே குத்தும்.

மரம் நல்ல மரம்தான், ஆனால் 'ஒத்த செட்' என்ற சொல்லுக்கு நான் கொடுத்த பணம் அதிகம். கடல் காற்று ஈரம் ஏற்றிவிடும் என்பதால் ஏழுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டேன். விற்றவரிடம் இன்னும் ஆறு கேட்டிருக்கிறேன்: ஒவ்வொன்றின் தொய்வையும் எடையையும் தண்டிலேயே பென்சிலால் எழுதி அனுப்பச் சொல்லி.