பழைய ரிவால்வரா, 9 எம்எம் பிஸ்டலா?

தக்கலையில் எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இன்றும் ரிவால்வர் பக்கம்தான். "மக்கா, தோட்டா வெடிக்கல்லண்ணா இன்னொருக்கா விசைய இழு, அடுத்தது வந்து நிக்கும்" என்பார்.

அவர் சொல்வது உண்மை. 1887-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த வெப்லியும், 1932-இல் வந்த .38 என்ஃபீல்டும் அப்படித்தான் வேலை செய்தன. பிஸ்டலில் தோட்டா ஏமாற்றினால் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைக் கையால் பின்னிழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். இன்னொரு கை காயம்பட்டிருந்தால்? ரிவால்வரில் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) கிடையாது. நிரப்பியே வைத்தாலும் அழுத்தத்தில் கிடக்கும் மேகசின் ஸ்பிரிங் பற்றிய கவலை இல்லை.

ஆனாலும் சண்டைக்களத்துக்கு நான் பிஸ்டலைத்தான் சொல்வேன். ரிவால்வரில் 6 தோட்டா. 1935-இல் வந்த பிரவுனிங் ஹை-பவர் மேகசினில் 13. மேற்கு வங்கத்தில் உள்ள நம் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 9 எம்எம் பிஸ்டலும் அந்த வழிவந்ததே. தீர்ந்தால் மேகசினை மாற்றிவிடலாம். வெப்லியைக் கீலில் மடக்கித் திறந்தால் வெற்றுக்கூடுகள் ஒரே வீச்சில் தெறித்து விழும், அது அழகுதான். ஆனால் 6 குழியையும் மறுபடி நிரப்பவேண்டுமே, அதுவும் இருட்டில், கை நடுங்கும்போது.

குளச்சல் உப்புக்காற்று இரண்டையும் விடாது. எண்ணெய்த்துணி இரண்டுக்கும் வேண்டும்.

வாசல் காவலுக்கு, என்றைக்கோ ஒருநாள் எடுக்க நேரும் ஆளுக்கு, பழைய ரிவால்வர் போதும். எல்லைக்குப் போகும் நம் பிள்ளையின் இடுப்பில் அது வேண்டாம்.