பலூனா, எக்மோவா, இம்பெல்லாவா?

“மிஸ்ஸி, இருக்கிறதுலேயே பெரிய மெஷினா வைக்கச் சொல்லுங்க.” கோலாலம்பூரில் இதய ஐசியூ வாசலில் இதைப் பல இரவு கேட்டிருக்கிறேன். பைபாஸோ வால்வோ முடிந்தும் இதயம் மருந்துக்கு மசியவில்லை என்று டாக்டர் சொல்லிப் போனதும், குடும்பம் தமிழ் தெரிந்த நர்ஸான என்னைத் தேடும். சோர்ந்த இதயத்துக்குத் தற்காலிகமாகக் கைகொடுக்கும் மூன்று மெஷின்களைப் பற்றித்தான் பேச்சு.

பலூன் பழைய ஆள், 1960களிலிருந்து இருக்கிறது. தொடை வழியாக மகாதமனிக்குள் போய், இதயம் ஓயும் நொடியில் ஹீலியத்தால் உப்பும். சுருங்கும் முன் வற்றும். இதனால் ரத்த ஓட்டம் கூடுவது நிமிடத்துக்கு அரை லிட்டர், மிஞ்சினால் ஒன்று. தள்ளாடுபவருக்குக் கைத்தடி, விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாது. 2012இல் 600 பேரிடம் நடந்த ஐஏபிபி-ஷாக் 2 ஆய்வில் பலூன் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு மாத இறப்பு 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அது மாரடைப்பு நோயாளிகளின் கணக்கு, அறுவை முடிந்தவர்களின் கணக்கல்ல என்பதால் நான் பலூனை இன்னும் கைவிடவில்லை.

அந்தப் ‘பெரிய மெஷின்’ எக்மோ. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் ஓட்டும், நுரையீரல் வேலையையும் பார்க்கும். இதயத்தின் இரு பக்கமும் படுத்துவிட்டால் இதுதான் கதி. ஆனால் தொடையிலிருந்து அது மேலே தள்ளும் ரத்தத்தை எதிர்த்துத்தான் சோர்ந்த இடது கீழறை சுருங்க வேண்டும். முடியாவிட்டால் அறை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். உறையாதிருக்க மருந்து கொடுத்தால் புதுத் தையல் கசியும். கொடுக்காவிட்டால் குழாய் அடைக்கும். தொடைக் குழாயால் ரத்தம் குறைந்து கால் சில்லிடுகிறதா என்று மணிக்கு மணி தொட்டுப் பார்ப்போம். ஆக்சிஜன் அளக்கும் விரல் கிளிப்பை வலக் கையில்தான் மாட்டுவோம். மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அங்கேதான் முதலில் தெரியும். அறுவைக்குப் பின் எக்மோ ஏறியவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில்தான் வீடு திரும்புகிறார்கள்.

இடது பக்கம் மட்டும் தளர்ந்தால் என் ஓட்டு இம்பெல்லாவுக்கு. சுண்டுவிரலைவிட மெல்லிய பம்பு இடது கீழறையிலிருந்தே உறிஞ்சி மகாதமனியில் விடும். 5.5 ரகம் தோள்பக்கத் தமனி வழியாகப் போவதால் நோயாளி எழுந்து நடக்கலாம். வலது பக்கமும் சோர்ந்திருந்தால் உறிஞ்ச ரத்தமே வந்து சேராது. மகாதமனியில் உலோக வால்வு பொருத்தியிருந்தால் உள்ளே விடவே முடியாது. சிறுநீர் தே-ஓ (பால் விடாத தேநீர்) நிறத்துக்கு மாறினால் சிவப்பணு உடைகிறதென்று உஷாராவோம். விலையைச் சொன்னதும் பேச்சு ஈபிஎஃப் சேமிப்புக்குத் தாவும்.

அதனால் வாசலில் நிற்பவரிடம் நான் சொல்வது: “டாக்டர்கிட்ட ரெண்டே கேளுங்கண்ணே. இடது பக்கம் மட்டுமா, ரெண்டுமா? ஒரு வாரத்துல இதயம் மீளலைன்னா அடுத்தது என்ன?”