டிரையம்ஃப் டிஆர்6 காருக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலிப்பர் பிஸ்டன் கிட்: ஒரு மதிப்புரை

டிரையம்ஃப் டிஆர்6 காரின் முன்சக்கரக் காலிப்பர்களில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகளால் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகங்கள்) பிரேக் ஆயில் கசியத் தொடங்கினால் அதன் உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய காலிப்பரைக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கப்பட்ட ஒன்றை மாற்றாக வாங்குவது, இப்போது வார்த்தெடுத்து விற்கப்படும் புதிய காலிப்பரைப் பூட்டுவது, அல்லது காரோடு வந்த காலிப்பரையே பிரித்துப் பிஸ்டனையும் சீலையும் மாற்றுவது. இங்கிலாந்தின் டிஆர் உதிரிபாகக் கடைகளில் இந்த மூன்றாவது வழிக்கென்று விற்கப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டன் கிட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. 1972 ஆம் ஆண்டின் தயாரிப்பான என் காரில் இதைப் பொருத்தி, ஒரு குளிர்காலத்தையும் அதை அடுத்த கோடையையும் ஓட்டிக் கடந்த பிறகே எழுதுகிறேன். கசிவு முற்றிலும் நின்றுவிட்டது. பிஸ்டன்கள் மிக உயர்ந்த தரத்தில் இருக்கின்றன. சீல்கள் நம்பத் தகுந்தவை. பிஸ்டனைத் தூசியும் நீரும் எட்டாமல் மூடும் ரப்பர் உறையான டஸ்ட் பூட்டைப் பிடித்து நிறுத்தும் எஃகு வளையங்கள் மட்டுமே அந்தத் தரத்தை எட்டவில்லை.

டிரையம்ஃபுக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் நீண்ட உறவு உண்டு. டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் 1953 இல் லெ மான் பந்தயத்தை வென்றது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1956 இல், டிஆர்3 காரின் முன்சக்கரங்களுக்குக் கிர்லிங் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. பிரிட்டனில் தொடர் உற்பத்தியில் இருந்த கார்களில் டிஸ்க் பிரேக்கை எல்லா வண்டிகளிலும் பூட்டி விற்ற முதல் கார் என்ற பெயர் அதற்கு உண்டு. அந்த வழியில் வந்த டிஆர்6, 1968 முதல் 1976 வரை கோவென்ட்ரியில் உருவானது. 2498 சிசி கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினை அடக்கி நிறுத்த முன்னால் கிர்லிங் 16பி காலிப்பர்களையும் பின்னால் டிரம் பிரேக்குகளையும் அதற்குக் கொடுத்தார்கள். கிர்லிங் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கும் புதியதன்று. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் 1962 இல் கூட்டாகத் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வழியாக, சென்னைப் பாடியிலிருந்து அந்தப் பெயர் நம் ஊர் பிரேக் ஆயில் டப்பாக்கள் வரை வந்து சேர்ந்தது.

கிட்டின் தரத்தை எடைபோடுவதற்கு முன் இந்தக் காலிப்பர் ஏன் கசிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் பாகம் வாங்குவது பணத்தை வீணாக்கும். 16பி என்பது இரண்டு வார்ப்பிரும்புப் பாதிகளைப் போல்ட்டால் இறுக்கிச் சேர்த்த நிலையான காலிப்பர். டிஸ்கின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறக்குறைய 54 மில்லிமீட்டர். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுர வெட்டுடைய ரப்பர் சீல் பிஸ்டனில் இல்லை, காலிப்பரின் உட்சுவரில் வெட்டப்பட்ட பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் நகர, அதைப் பற்றியிருக்கும் சீலும் சற்று வளைந்து கொடுக்கிறது. காலை எடுத்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அந்த ரப்பர் பிஸ்டனையும் மில்லிமீட்டரின் ஒரு சிறு பங்களவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் சீலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்து அந்த இடைவெளியைத் தானாகவே சரிசெய்கிறது. ஸ்பிரிங்கோ திருகோ இல்லாமல், ஒரு ரப்பர் வளையத்தை மட்டும் வைத்து ஆயில் காப்பையும் பிஸ்டன் திரும்புதலையும் தேய்மானச் சரிக்கட்டலையும் ஒருசேரச் செய்துகாட்டிய வடிவமைப்பாளர்களை நான் மனதாரப் போற்றுகிறேன்.

ஆகவே காப்பு முழுவதும் பிஸ்டனின் வெளிப்பரப்பை நம்பியிருக்கிறது. ஆலையிலிருந்து வந்த பிஸ்டன்கள் குரோம் பூசிய எஃகு. பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே நீளும்போது அதன் முன்பகுதியை டஸ்ட் பூட் மட்டுமே காக்கிறது. அது வெடித்தால் மழை நீரும், குளிர்காலத்தில் இங்கிலாந்தின் சாலைகளில் தூவும் உப்பும் குரோமுக்குள் ஊசிமுனை அளவுக் குழிகளைப் போட்டுவிடுகின்றன. அதுவரையிலும் கசிவு இருக்காது, ஏனெனில் சீல் பற்றியிருப்பது உள்ளே பளபளப்பாக இருக்கும் பின்பகுதியை. பிறகு ஒரு நாள் உரிமையாளர் புதுப் பேட் போடுகிறார். தடித்த பேடுக்கு இடம்விடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது குழிவிழுந்த பகுதி சீலுக்கு அடியில் போய்ச் சேர்கிறது. அடுத்த வாரமே சக்கரத்தின் உட்புறம் ஈரமாகிறது. புதுப் பேட் போட்டதும் கசிவு ஏன் வந்தது என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்கள் தாங்கலாம். குழிவிழுந்த பிஸ்டன் புதுச் சீலின் விளிம்பையும் அரித்துவிடும். கசிந்த ஆயில் பேடில் ஏறிவிட்டால் அந்தச் சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, பிரேக் போடும்போதெல்லாம் கார் எதிர்ப்பக்கமாக இழுக்கும். அப்படி நனைந்த பேடைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. புதிதாக வாங்கத்தான் வேண்டும்.

மாற்றுக் காலிப்பரை நான் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. நண்பர் ஒருவரின் காருக்கு ஒரு கடையிலிருந்து வந்த புதுப்பிக்கப்பட்ட காலிப்பரில், வெளிப்புறம் அழகாக வண்ணம் பூசப்பட்டிருந்தும், சீல் பள்ளத்தின் அடியில் இருந்த துருவை யாரும் எடுத்திருக்கவில்லை. துரு மேடிட்ட பள்ளத்தில் எந்தச் சீலும் சமமாக உட்காராது. அந்த வேலையை நம் கையால் செய்தால், அது நடந்திருக்கிறது என்ற உறுதியாவது இருக்கும். தவிரவும், காரோடு பிறந்த வார்ப்பு காரிலேயே இருப்பது ஒரு பழைய காருக்குப் பெருமை.

இனி கிட். நான்கு பிஸ்டன்கள், நான்கு சீல்கள், நான்கு டஸ்ட் பூட்டுகள், அவற்றைப் பிடிக்கும் நான்கு வளையங்கள். இரு காலிப்பர்களுக்கும் இது போதும். குரோம் பிஸ்டன் கிட்டைவிட விலை சற்றுக் கூடுதல். பிஸ்டன்களை மைக்ரோமீட்டரில் அளந்தபோது நான்கும் ஒன்றுக்கொன்று வேறுபாடு சொல்ல முடியாத அளவுக்கு ஒத்திருந்தன. டஸ்ட் பூட் உட்காரும் வெட்டுப் பள்ளத்தின் விளிம்புகளில் பிசிறு இல்லை. சீலுக்குள் முதலில் நுழையும் பின்விளிம்பு தேவையான அளவு சரித்து மழுக்கப்பட்டிருக்கிறது. மலிவான பிஸ்டன்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கூரான விளிம்பு புதுச் சீலைப் பொருத்தும்போதே கீறிவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றிச் சிலர் எழுப்பும் ஐயம் ஒன்று: சாதாரண எஃகைவிட அது வெப்பத்தில் அதிகம் விரிவடையும், ஆகவே பிஸ்டன் இறுகிவிடாதா? விரிவு அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒழுங்காக அளவெடுத்துக் கடைந்த பிஸ்டனுக்கும் வார்ப்பிரும்பு உட்சுவருக்கும் உள்ள இடைவெளி அந்த வேறுபாட்டைத் தாங்கும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் போட்டு, உடனே சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தேன். எந்தப் பிஸ்டனும் இறுகி நிற்கவில்லை. இதற்கு எதிரான நன்மை ஒன்றும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதாரண எஃகின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வெப்பத்தைக் கடத்துவதால், பேடின் சூடு ஆயிலை எட்டுவது குறைகிறது.

பொருத்தும் வேலையில் முதல் சிக்கல் பழைய பிஸ்டனை வெளியே எடுப்பது. ஆயில் குழாயைக் கழற்றுவதற்கு முன்பே, பேடை எடுத்துவிட்டு, பெடலின் அழுத்தத்தைக் கொண்டே பிஸ்டன்களை முடிந்தவரை வெளியே தள்ளிக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் முந்தி வந்தால் அதை மரக்கட்டையும் கிளாம்பும் வைத்துத் தடுத்துக்கொண்டு மற்றொன்றை நகர்த்த வேண்டும். கம்ப்ரசர் காற்றால் பிஸ்டனை வெளியேற்றுபவர்கள் எக்காரணம் கொண்டும் விரலை நடுவில் வைக்கக் கூடாது; அது வெளியே வரும் வேகம் எலும்பை முறிக்கும். பழைய பேடுகளின் தூசில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் காற்றடித்துச் சுத்தம் செய்வதையும் தவிர்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

உட்சுவரில் லேசான கறை இருந்தால் கவலையில்லை. சீல் பற்றுவது பிஸ்டனையே அன்றி அந்தச் சுவரை அல்ல. முழு உழைப்பையும் பள்ளத்துக்குக் கொடுக்க வேண்டும். பித்தளையாலோ மரத்தாலோ செய்த கூர்முனையால் துருவைச் சுரண்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவி, விரல் நகத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எஃகு ஊசியால் பள்ளத்தின் அடியைக் கீறிவிட்டால் அந்தக் கீறலே புதிய கசிவுக்கு வழியாகும். பிறகு சீலுக்கும் பிஸ்டனுக்கும் ரப்பருக்கென்றே விற்கப்படும் சிவப்புக் கிரீஸைப் பூச வேண்டும். சாதாரண பெட்ரோலியக் கிரீஸ் பிரேக் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அதை இந்த வேலை நடக்கும் மேசையிலேயே வைக்காமல் இருப்பது நலம். இந்தக் கிட்டின் பிஸ்டன்கள் கட்டைவிரல்களின் அழுத்தத்துக்கே நேராக இறங்கின. சீல் முறுக்கேறாமல் உட்கார்ந்திருந்தால்தான் அப்படி இறங்கும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

வளையங்களைப் பற்றிய குறையை விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய கிர்லிங் வளையம் விறைப்பானது. டஸ்ட் பூட்டின் விளிம்பை வார்ப்பின் படியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். கிட்டில் வந்தவற்றின் எஃகு மென்மையாக இருக்கிறது. ஒருமுறை கோணலாகப் போட்டு எடுத்தால் அதன் பிறகு அவை வட்டமாக இருப்பதில்லை. என் காரிலிருந்து எடுத்த பழைய வளையங்கள் நல்ல நிலையில் இருந்ததால் அவற்றையே சுத்தம் செய்து போட்டுக்கொண்டேன். டஸ்ட் பூட் தளர்ந்தால் அதன் பின்னால் நீர் புகும். ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் துருப்பிடிக்காது என்றாலும் காலிப்பரின் வார்ப்பிரும்பும் சீல் பள்ளத்தின் விளிம்பும் துருப்பிடிக்கும். கசிவு அந்த வழியாகத் திரும்பி வரும். இவ்வளவு நல்ல பிஸ்டனோடு இப்படிப்பட்ட வளையத்தைப் பையில் போட்டு அனுப்புவது எனக்கு வருத்தமளிக்கிறது.

காலிப்பரின் இரு பாதிகளையும் பிரிக்கலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. அவற்றுக்கிடையே ஆயில் கடக்கும் துளையைச் சுற்றி ஒரு சிறு சீல் இருக்கிறது; அது இந்தக் கிட்டில் இல்லை. அந்த இணைப்பில் ஈரம் இல்லையென்றால் பிரிக்காமல் விடுவதே சரி. பிஸ்டன்களை எடுக்கவும் போடவும் நடு இடைவெளியே போதுமானது. இணைப்பிலேயே கசிவு இருந்தால் இந்தக் கிட் மட்டும் உங்களுக்கு உதவாது.

வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய இன்னொன்று குழாயின் மரை. டிஆர்6 உற்பத்தியின் பிற்பகுதியில் கிர்லிங் மெட்ரிக் மரைக்கு மாறியது. முந்தைய காலிப்பரில் ஆயில் குழாய் ஏறும் மரை அங்குல அளவில் எட்டில் மூன்று, பிந்தையதில் 10 மில்லிமீட்டர். இவற்றின் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் ஏறிவிடும், இறுகியது போலவும் தோன்றும். முழு அழுத்தத்தில் பெடலை மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டாம் கையாகக் காலிப்பர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காலிப்பரைத் திரும்ப மாட்டும்போது காற்று எடுக்கும் நிப்பிள் மேற்புறம் இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய், மேலே தங்கும் காற்று எவ்வளவு ஆயிலை ஓடவிட்டாலும் வெளியேறாது. டிஆர்6 காரில் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி ஆயில் பாதைகள் உண்டு. அவற்றின் அழுத்தம் வேறுபட்டால் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் வால்வு ஒன்றும் இருக்கிறது. காற்று எடுக்கும்போது பெடலை வேகமாக அடித்தால் அந்த வால்வு ஒருபக்கமாகச் சாய்ந்து விளக்கை எரியவிட்டுவிடும் என்பதால் மெதுவாக, சீராக மிதிக்க வேண்டும். நான் டாட் 4 ஆயிலைப் பயன்படுத்தினேன். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டிய அந்த ஆயில், காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 பாகை அளவுக்கே உறுதி தருகிறது. அந்த ஈரமே காலிப்பரை உள்ளிருந்து துருவேற்றுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாமல் விட்டால் எந்தக் கிட்டும் நெடுநாள் தாங்காது. ஆயில் சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

இப்போது பெடல் உயரத்திலேயே பிடிக்கிறது. கார் நேராக நிற்கிறது. ஆயில் தொட்டியின் மட்டம் இறங்கவில்லை. குளிர்காலம் முடிந்ததும் சக்கரங்களைக் கழற்றி டஸ்ட் பூட்டின் விளிம்பை விலக்கிப் பார்த்தேன். பிஸ்டன் பரப்பு பொருத்திய அன்று இருந்த பளபளப்போடு, காய்ந்தே இருந்தது. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இந்தச் சலுகையில் ஓடும் டிஆர்6 கார்களின் காலிப்பரைச் சட்டப்படி வேறு யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை; ஆகவே உரிமையாளர்தான் ஆண்டுக்கொரு முறையேனும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்டன்களில் குழி விழுந்திருந்தால் இந்தக் கிட்டை வாங்கத் தயங்க வேண்டாம். கூடவே நல்ல எஃகில் செய்த வளையங்களைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் அவை கிட்டிலேயே இருக்கின்றன என்று சொன்னாலும் விடாமல் கேளுங்கள்.